எல்சிடியில் எழுத்து வரவில்லையா? முதலில் திரையைப் படியுங்கள்

"எல்சிடி வேலை செய்யலை." ஆர்டுயினோ, அதாவது புரோகிராம் ஏற்றி இயக்கும் சிறு மின்னணுப் பலகை, பழகத் தொடங்கும் மாணவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் இது. எல்சிடி என்பது அந்தப் பலகையோடு இணைத்து எழுத்து காட்டும் சிறு திரை. அதற்குக் கிடைக்கும் பதில்களும் எல்லோருக்கும் மனப்பாடம்: லைப்ரரியை மாத்து, வேற புரோகிராம் போட்டுப் பாரு, எல்சிடி போயிருக்கும், புதுசு வாங்கு. இத்தனை பேர் பதில் சொல்கிறார்களே, அவர்களில் ஒருவராவது "திரையில இப்ப என்ன தெரியுது?" என்று கேட்கிறார்களா என்றால், பெரும்பாலும் இல்லை.

அந்தக் கேள்விதான் முதலில் வரவேண்டும். வெளிச்சமே இல்லாத திரை, வெளிச்சம் இருந்தும் வெறுமையான திரை, மேல் வரிசையில் கறுப்புக் கட்டங்கள் நிற்கும் திரை, புரியாத எழுத்துகளைக் கொட்டும் திரை ஆகிய நான்கும் நான்கு வேறு கோளாறுகள். நான்கையும் "வேலை செய்யலை" என்ற ஒரே பெயரில் அழைப்பதால்தான் நல்ல நிலையில் இருக்கும் எல்சிடிகள் குப்பைக்குப் போகின்றன, சரியான புரோகிராம்கள் திருத்தித் திருத்திக் கெடுக்கப்படுகின்றன.

## எந்த எல்சிடி?

வரிக்கு 16 எழுத்து, இரண்டு வரி. நீலம் அல்லது பச்சை வெளிச்சம். ஓரத்தில் வரிசையாக 16 பின்கள். கடைகளில் "16 பை 2" என்று கேட்டால் எடுத்துத் தருவது இதைத்தான். பின்பக்கம் திருப்பினால் கறுப்புப் பொட்டு மாதிரி ஒன்றோ இரண்டோ இருக்கும். அதற்குள் இருக்கும் சில்லுதான் திரையை நடத்துகிறது. அதைக் கண்ட்ரோலர் என்போம். ஹிட்டாச்சி நிறுவனம் 1980களில் கொண்டுவந்த எச்டி44780 என்ற சில்லுதான் இதன் மூலம். இன்று சந்தையில் கிடைப்பவற்றில் சிட்ரானிக்ஸ் எஸ்டி7066 போன்ற, அதே கட்டளைகளைப் புரிந்துகொள்ளும் வேறு நிறுவனச் சில்லுகளும் இருக்கும். பழகுபவருக்கு வித்தியாசம் தெரியாது.

## பேசுபவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர்

பள்ளியில் டிக்டேஷன் எழுதியது நினைவிருக்கும். ஆசிரியர் சொல்லச் சொல்ல மாணவர் கரும்பலகையில் எழுத வேண்டும். இங்கே ஆர்டுயினோ ஆசிரியர், எல்சிடியின் கண்ட்ரோலர் மாணவர். ஒரு கூடுதல் நிபந்தனை: மாணவர் வாய் திறக்கக் கூடாது. "சார், கேக்கலை" என்று சொல்ல அவருக்கு வழியில்லை.

இந்த நிபந்தனை நாமே போடுவது. எல்சிடியின் 5ஆம் பின் ஆர்டபிள்யூ, அதாவது படிப்பதா எழுதுவதா என்று தீர்மானிக்கும் பின். அதைத் தரையோடு, அதாவது மின்சுற்றின் ஜீரோ வோல்ட்டோடு இணைத்துவிடுகிறோம். அதன்பின் தகவல் ஒரு திசையில் மட்டும் போகும். எனவே "அப்லோடு முடிந்தது" என்று கணினி சொன்னால், புரோகிராம் ஆர்டுயினோவுக்குள் போய்விட்டது என்று மட்டும்தான் பொருள். எல்சிடி இணைந்திருக்கிறதா, கழன்று கிடக்கிறதா என்பது ஆர்டுயினோவுக்கே தெரியாது. பிழைச் செய்தி வரவில்லை என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

மற்ற பின்களின் வேலையையும் பார்த்துவிடலாம். 4ஆம் பின் ஆர்எஸ்: வருவது கட்டளையா, எழுத்தா என்று சொல்வது. "திரையை அழி" என்பது கட்டளை, "ஏ" என்பது எழுத்து. 6ஆம் பின் எனேபிள்: ஆசிரியர் மேசையைத் தட்டி "இப்போ எழுது" என்பது போன்ற துடிப்பு. இந்தத் தட்டல் இல்லாவிட்டால் மற்ற வயர்களில் என்ன வந்தாலும் கண்ட்ரோலர் கண்டுகொள்ளாது. 11 முதல் 14 வரை டி4, டி5, டி6, டி7 என்ற தகவல் பின்கள். 1 தரை, 2 ஐந்து வோல்ட், 3 கான்ட்ராஸ்ட், 15, 16 பேக்லைட்.

சுருக்கமாக: எல்சிடி கேட்கும், பதில் சொல்லாது. அதன் நிலையை அறிய நமக்கு இருக்கும் ஒரே சாட்சி திரைதான்.

## வெளிச்சம் வேறு, எழுத்து வேறு

பேக்லைட் எரிந்தால் "எல்சிடிக்குக் கரண்ட் வருது" என்று நினைப்பது மிகப் பரவலான தவறு. பேக்லைட் என்பது திரைக்குப் பின்னால் இருக்கும் எல்இடி விளக்கு, அவ்வளவுதான். அதற்கு 15, 16 என்று தனிப் பின்கள். கண்ட்ரோலருக்கு 1, 2 என்று தனிப் பின்கள். ஒன்று எரிந்துகொண்டே இருக்கும்போது மற்றது செத்துக் கிடக்கலாம். மறுதலையாக, பேக்லைட் இணைக்காமலேயே எழுத்துகள் ஒழுங்காக வந்துகொண்டிருக்கலாம். பச்சைத் திரையில் அவை சாதாரண வெளிச்சத்திலேயே தெரியும். நீலத் திரையில் பின்னொளி இல்லாமல் படிப்பது கடினம். செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்த்தால் தெரியவரும்.

அடுத்தது கான்ட்ராஸ்ட். எல்சிடியின் புள்ளிகள் தாமாக ஒளிர்வதில்லை. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே இருக்கும் திரவப்படிகம் மின்னழுத்தத்துக்கு ஏற்பத் திரும்பி ஒளியை மறைக்கிறது அல்லது விடுகிறது. எவ்வளவு அழுத்தம் என்பதைத் தீர்மானிப்பது 3ஆம் பின். ஐந்து வோல்ட்டில் ஓடும் சாதாரணத் திரைக்கு இந்தப் பின்னில் ஏறக்குறைய அரை வோல்ட் முதல் ஒரு வோல்ட் வரை இருந்தால் எழுத்து தெளியும். இரண்டரை வோல்ட் இருந்தால் எல்லாம் சரியாக ஓடினாலும் திரை வெறுமையாகவே இருக்கும்.

இதற்காகத்தான் 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர், அதாவது திருகினால் மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ், இணைக்கச் சொல்கிறார்கள். ஓரக் கால்கள் இரண்டும் ஐந்து வோல்ட்டுக்கும் தரைக்கும், நடுக்கால் 3ஆம் பின்னுக்கும் போகவேண்டும். நடுக்காலையும் ஓரக்காலையும் மாற்றிப் போட்டால் குமிழை எவ்வளவு திருகினாலும் பயனிருக்காது. குமிழ் சரியா என்று சந்தேகம் வந்தால், அதைக் கழற்றிவிட்டு 3ஆம் பின்னை நேராகத் தரையில் தொடுங்கள். கான்ட்ராஸ்ட் உச்சத்துக்குப் போய் திரையில் ஏதாவது தெரிந்தே ஆகவேண்டும். கட்டங்கள் தெரிந்தால் கோளாறு குமிழ்ப் பக்கம். அப்போதும் ஒன்றும் தெரியாவிட்டால் 1, 2 பின்களில் மின்சாரம் வருகிறதா என்று மல்டிமீட்டரால் பாருங்கள். பெரிய பிரெட்போர்டுகள், அதாவது வயர்களைச் சொருகி இணைக்கும் துளைப் பலகைகள், சிலவற்றில் ஓரத்து மின்கோடு நடுவில் அறுந்திருக்கும். பாதி பலகை வரைதான் ஐந்து வோல்ட் போகும். முதல் தடவை பயன்படுத்துபவர் இதைக் கண்டுபிடிக்கத் திண்டாடிப்போவார்.

சுருக்கமாக: விளக்கு, கான்ட்ராஸ்ட், கண்ட்ரோலரின் மின்சாரம் மூன்றும் தனித்தனி. வெறும் திரை என்றால் முதலில் 3ஆம் பின், அடுத்து 1, 2.

## மேல் வரிசையில் கறுப்புக் கட்டங்கள்

திரையில் மேல் வரிசை முழுக்க 16 கட்டங்கள் நிற்கின்றன, கீழ் வரிசை காலி. இதைப் பார்த்ததும் "எல்சிடி எரிஞ்சுபோச்சு" என்று தூக்கிப் போடுபவர்கள் உண்டு. உண்மை இதற்கு நேர் எதிர். அது நல்ல செய்தி. மின்சாரம் சரி, கான்ட்ராஸ்ட் சரி, கண்ட்ரோலர் விழித்துவிட்டது. ஆர்டுயினோவிடமிருந்து தொடக்கக் கட்டளைகள் மட்டும் வந்து சேரவில்லை.

ஏன் கட்டங்கள்? ஏன் மேல் வரிசையில் மட்டும்? இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒவ்வொரு எழுத்தும் 5க்கு 8 என்ற புள்ளிச் சட்டத்தில் வரையப்படுகிறது. இரண்டு வரித் திரையில் மேலிருந்து கீழாக 16 புள்ளிவரிசைகள். கண்ட்ரோலர் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இயக்குவதில்லை. ஒவ்வொரு வரிசையாக, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் மாறி மாறி இயக்குகிறது. இரண்டு வரி முறையில் ஒவ்வொரு புள்ளிவரிசைக்கும் கிடைப்பது நேரத்தில் பதினாறில் ஒரு பங்கு. மின்சாரம் வந்தவுடன் இந்தச் சில்லு தானாக எடுத்துக்கொள்ளும் நிலையோ ஒரு வரி முறை. அதில் எட்டுப் புள்ளிவரிசைகளுக்கு மட்டும் வேலை, ஒவ்வொன்றுக்கும் எட்டில் ஒரு பங்கு. பங்கு இரட்டிப்பானதால், அணைந்திருக்க வேண்டிய புள்ளிகளுக்கும் எரிவதற்குக் கிட்டத்தட்டப் போதுமான அழுத்தம் கிடைத்துவிடுகிறது. நாற்பது புள்ளிகளும் சேர்ந்து கறுத்தால் நமக்குத் தெரிவது ஒரு கட்டம். கீழ் வரிசை இயக்கப்படவே இல்லை, எனவே காலி.

"இது இரண்டு வரித் திரை" என்ற கட்டளை வந்து சேர்ந்த நொடியே கட்டங்கள் மறைந்துவிடும். புரோகிராமில் இருக்கும் பிகின் என்ற கட்டளை இந்த வேலையைத்தான் செய்கிறது.

இதை வைத்து ஓர் அருமையான சோதனை செய்யலாம். தகவல் வயர்கள், ஆர்எஸ், எனேபிள் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள். 1, 2, 3, 15, 16 மட்டும் இருக்கட்டும். புரோகிராமே தேவையில்லை. மேல் வரிசையில் கட்டங்கள் வந்தால் எல்சிடி நலம். புது எல்சிடி வாங்கினால் முதலில் இதைச் செய்து பார்த்துவிட்டுத்தான் மற்ற வயர்களைத் தொட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஐந்து வயர்களில் முடியும் வேலையைப் பன்னிரண்டு வயர் போட்டுவிட்டுத் தேடுவது வீண் சிரமம்.

கட்டங்கள் நிற்கும்போது தேட வேண்டிய இடங்கள் இவை. முதலில் சால்டரிங். பல எல்சிடிகள் பின் வரிசை தனியாகத்தான் வரும். அதைத் துளையில் சொருகிவிட்டு அப்படியே பிரெட்போர்டில் குத்துகிறார்கள். பார்வைக்குத் தொடுவது போல இருக்கும், தொடாது. விரலால் அழுத்தினால் எழுத்து வந்து, விட்டால் போனால் சந்தேகமே வேண்டாம், ஈயம் வைக்கத்தான் வேண்டும்.

அடுத்தது ஆர்டபிள்யூ பின். அதை இணைக்காமல் விட்டால் சும்மா இருக்கும் என்று நினைப்பார்கள். கண்ட்ரோலருக்குள் அந்தப் பின் லேசாக மேலே இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. இணைக்காவிட்டால் அது "படி" என்ற நிலைக்குப் போய்விடும். ஆர்டுயினோவும் எழுதுகிறது, எல்சிடியும் எழுத முயல்கிறது. எதுவும் பதிவாகாது.

மூன்றாவது, வயர் வரிசை. ஆர்டுயினோவின் மாதிரிப் புரோகிராமில் 12, 11, 5, 4, 3, 2 என்று எண்கள் இருக்கும். முதல் எண் ஆர்எஸ், இரண்டாவது எனேபிள், மற்றவை தகவல் பின்கள் டி4 முதல் டி7 வரை. அதாவது எல்சிடியின் டி4 ஆர்டுயினோவின் 5க்குப் போகிறது, டி7 ஆர்டுயினோவின் 2க்கு. ஒரு பக்கம் எண் ஏற, மறுபக்கம் இறங்குகிறது. 2, 3, 4, 5 என்று வரிசையாகப் போட்டுவிட்டால் கண்ட்ரோலருக்குத் தொடக்கக் கட்டளையே புரியாது.

இன்னொன்று: மின்சாரம் கொடுத்ததும் கட்டங்கள் வந்து, ஆர்டுயினோவின் ரீசெட் பொத்தானை அழுத்தியதும் எழுத்து வந்தால், வயர்கள் சரி என்று பொருள். எல்சிடியின் மின்சாரம் மெதுவாக ஏறுகிறது, அது தயாராகும் முன்பே ஆர்டுயினோ பேசி முடித்துவிட்டது. பிகின் கட்டளைக்கு முன் கால் நொடி காத்திருக்கச் சொன்னால் தீரும்.

## புரியாத எழுத்துகள், ஜப்பானிய எழுத்துகள்

ஓர் எழுத்து என்பது எட்டு பிட், அதாவது எட்டு ஒன்று அல்லது பூஜ்யம். எட்டு வயர் போடுவது சிரமம் என்பதால் நான்கு வயர்களில் இரண்டு தவணையாக அனுப்புகிறோம். டிக்டேஷனில் ஒவ்வொரு எழுத்தையும் முன்பாதி, பின்பாதி என்று பிரித்துச் சொல்வது போல. மாணவர் இரண்டிரண்டாகச் சேர்த்து எழுதிக்கொள்வார். இடையில் ஒரு பாதி தவறிவிட்டால்? முந்தைய எழுத்தின் பின்பாதியும் அடுத்த எழுத்தின் முன்பாதியும் சேரும். அங்கிருந்து எல்லாமே தப்பு.

ஆங்கிலத்தில் "ஹலோ" அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். எச், இ, எல், எல், ஓ. எல் என்பது 0100 1100. எச் எழுத்தின் முன்பாதி மட்டும் தொலைந்தால், பாதிகள் ஒரு படி நகர்ந்து, இரண்டு எல் எழுத்துகளின் இடத்திலும் 1100 0100 உருவாகிறது. பரவலாகக் கிடைக்கும் எல்சிடிகளின் எழுத்து நினைவகத்தில் இந்த எண்ணுக்கு உரிய இடத்தில் இருப்பது "தோ" என்ற ஜப்பானியக் கதகானா எழுத்து. ஆகத் திரையில் வருவது ஒரு வெற்றிடம், ஆங்கில டி, பிறகு "தோ", "தோ". சில்லு ஜப்பானியத் தயாரிப்பாகப் பிறந்ததால் அதன் மேல்பாதி எண்களில் கதகானா இருக்கிறது. வேறு மர்மம் இல்லை.

ஒரு பாதி ஏன் தவறும்? தளர்ந்த எனேபிள் வயர், நீளமான வயர்கள், அருகில் ரிலேயோ மோட்டாரோ இயங்கும்போது ஏற்படும் மின் இரைச்சல். இரைச்சலால் ஒரு பொய்யான தட்டல் விழுந்தாலும் இதே கதிதான். மோட்டார் ஓடும்போது மட்டும் எழுத்து குழம்புகிறது என்றால் புரோகிராமில் தேடாதீர்கள்.

தகவல் வயர் ஒன்று இடையில் கழன்றால் குழப்பத்துக்கு ஓர் ஒழுங்கு இருக்கும். டி4 கழன்றால் அந்த இடம் எப்போதும் ஒன்றாகவே படிக்கப்படும்: ஏ என்பது க்யூ ஆகும், பி என்பது எஸ் ஆகும். ஒரே எழுத்து எப்போதும் ஒரே மாதிரி தப்பாக வந்தால் வயர். ஒவ்வொரு முறையும் வெவ்வேறாக வந்தால் இரைச்சல்.

தமிழில் எழுத ஆசைப்படுபவர்களும் இதே இடத்தில்தான் திகைக்கிறார்கள். புரோகிராமில் "அ" என்று தட்டினால் அது யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டாக, அதாவது எட்டு பிட் கொண்ட மூன்று துண்டுகளாகப் போகிறது. கண்ட்ரோலர் மூன்றையும் மூன்று தனி எழுத்துகளாக எடுத்துக்கொண்டு கிரேக்க ஆல்ஃபா, சிறிய "யோ", ஒரு வெற்றிடம் என்று காட்டும். தமிழ் எழுத்து அதன் நினைவகத்திலேயே இல்லை. நாமே வரைந்து வைக்க எட்டு இடம் உண்டு. 5க்கு 8 புள்ளியில் ப, ட, ம அடங்கும். ணகரமும் ஐகாரமும் அடங்க மறுக்கும், இரண்டு இடம் பிடிக்கும். "அம்மா" எழுதிப் பார்த்து மகிழலாம், அறிவிப்புப் பலகை செய்ய முடியாது. அதற்கு 128க்கு 64 புள்ளி கொண்ட கிராஃபிக் திரைக்குப் போவதே நல்லது.

சுருக்கமாக: குழம்பிய எழுத்து என்றால் கண்ட்ரோலர் கேட்கிறது, கேட்பது மட்டும் சிதைந்திருக்கிறது.

## எழுத்து வருகிறது, ஆனால்

இங்கிருந்துதான் புரோகிராமைச் சந்தேகிக்க உரிமை கிடைக்கிறது.

திரை மினுக்கினால், லூப்புக்குள், அதாவது புரோகிராமில் திரும்பத் திரும்ப ஓடும் பகுதிக்குள், ஒவ்வொரு சுற்றிலும் கிளியர் கட்டளை கொடுத்திருப்பீர்கள். ஓர் எழுத்தைப் பதிய சுமார் 40 மைக்ரோ நொடி போதும். திரை முழுவதையும் அழிக்க ஒன்றரை மில்லி நொடிக்கு மேல். அழிப்பதை விட்டுவிட்டு அதே இடத்தில் மேலெழுதுங்கள். மேலெழுதும்போது 100 இருந்த இடத்தில் 99 எழுதினால் திரையில் 990 நிற்கும். பழைய பூஜ்யம் போகவில்லை. எண்ணுக்குப் பின்னால் ஒரு வெற்றிடமும் சேர்த்து எழுதினால் சரியாகும்.

நீளமான வாக்கியத்தின் வால் காணாமல் போவதும் கோளாறு இல்லை. கண்ட்ரோலரின் நினைவில் வரிக்கு 40 எழுத்து இடம் உண்டு, கண்ணாடியில் தெரிவது 16. மீதி நினைவில் இருக்கிறது, கண்ணில் படவில்லை. தானாக அடுத்த வரிக்கு மடங்காது. கர்சரை நகர்த்த வேண்டும், அதில் எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும், முதலில் நெடுவரிசை, பிறகு வரி. இரண்டாம் வரியின் தொடக்கம் 0, 1.

## நான்கு வயரில் ஓடும் எல்சிடி

பின்பக்கம் சிறு பலகை ஒட்டி, நான்கு வயர் மட்டும் வெளியே வரும் ஐ2சி எல்சிடி இப்போது அதிகம் புழங்குகிறது. அந்தப் பலகையில் இருப்பது பிசிஎஃப்8574 என்ற சில்லு. இரண்டு வயரில் வருவதை வாங்கிப் பழைய பின்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. உள்ளே எல்சிடி அதேதான், மேலே சொன்ன அடையாளங்களும் அப்படியே பொருந்தும். கான்ட்ராஸ்ட் குமிழ் பலகையில் சிறு நீலப் பெட்டியாக இருக்கும், ஸ்க்ரூ டிரைவரால் திருக வேண்டும். புதிதாக வாங்கிய ஐ2சி திரை வெறுமையாக இருந்தால் நான் முதலில் தொடுவது இதைத்தான்.

புதிதாகச் சேரும் ஒரே சிக்கல் முகவரி. பலகைக்கு ஓர் எண் உண்டு. பதினாறடிமானத்தில் பெரும்பாலும் 27, சில்லின் இன்னொரு வகையில் 3எஃப். புரோகிராமில் ஒன்றும் பலகையில் மற்றதும் இருந்தால் கட்டங்கள் அப்படியே நிற்கும். ஐ2சி ஸ்கேனர் என்ற சிறு புரோகிராமை ஓடவிட்டால் சரியான எண்ணைச் சொல்லிவிடும். எந்த எண்ணும் கிடைக்கவில்லை என்றால் வயரைப் பாருங்கள். யூனோ வகை ஆர்டுயினோவில், பலகையின் எஸ்டிஏ பின் ஏ4க்கும் எஸ்சிஎல் பின் ஏ5க்கும் போகவேண்டும். இங்கே பலகை "இருக்கிறேன்" என்று பதில் சொல்லும். ஆனால் பதில் பலகையுடையது, அதற்குப் பின்னால் இருக்கும் எல்சிடியுடையது இல்லை.

## உண்மையிலேயே பழுது என்றால்

1, 2 பின்களில் மின்சாரத்தைத் தலைகீழாகக் கொடுத்துவிட்டால் கண்ட்ரோலர் போய்விடக்கூடும். சில தயாரிப்புகளில் இந்த இரண்டு பின்களும் இடம் மாறியிருக்கும் என்பதால் பலகையில் அச்சிட்டிருப்பதைப் படிக்காமல் இணைக்கக் கூடாது. பின்பக்கக் கறுப்புப் பொட்டு தொட்டால் சுடும் அளவுக்குச் சூடானால் உடனே பிடுங்குங்கள். ஐந்து வயர் சோதனையில், 1, 2 பின்களில் ஐந்து வோல்ட் இருப்பதை மீட்டரில் பார்த்த பிறகும், 3ஆம் பின்னைத் தரையில் தொட்ட பிறகும், பின்களுக்கு ஈயம் வைத்த பிறகும் ஒரு கட்டம்கூட வரவில்லை என்றால், அப்போது புதுசு வாங்கலாம்.